நாற்பதுக்கு மேல் வண்டி பழகுபவர்களுக்கு: டிவிஎஸ் ஸ்கூட்டி செஸ்ட் 110

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழக வரும் பெண்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பீடு என்று சொல்பவர்கள் குறைவு. நிறுத்தும்போது வண்டி சாய்ந்துவிடும், தன்னால் தாங்க முடியாது என்பதுதான் பெரிய பயம். அது நியாயமான பயமும்கூட. அதைக் குறைக்கிற வண்டி என்று செஸ்ட் 110-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

எடை 103 கிலோ, சீட் உயரம் 760 மி.மீ. ஐந்தடி உயரமுள்ளவர் சீட்டின் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றும். கால் எட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் தோள் இறுக்கம் தானாகவே தளரும்.

பழகும் முறை முக்கியம். முதலில் எஞ்சின் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து காலால் உந்தி நடத்துங்கள். இடது பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள். அடுத்து லேசான சரிவில் உருளவிட்டு, இரண்டு காலையும் மேலே எடுங்கள். பத்து மீட்டர் கால் ஊன்றாமல் போக முடிந்த பிறகு சாவி போட்டால் போதும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டே ஓடி வருவது உதவாது. அவர் வண்டியை நிமிர்த்திக்கொண்டே இருப்பதால் ஓட்டுபவருக்கு பாலன்ஸ் வராது.

எஞ்சின் போட்டதும் வரும் ஆபத்து வேறு. ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையிலேயே இருக்கின்றன. பதறினால் கை இறுகும், மணிக்கட்டு கீழே மடங்கும், ஆக்சிலேட்டர் திறந்து வண்டி மதிலில் போய் முட்டும். புதிதாகப் பழகுபவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் கைப்பிடியைப் பிடிக்கும்போதே மணிக்கட்டைத் தாழ்வாக வையுங்கள்; பதறினாலும் அதற்குமேல் மடங்க இடமிருக்காது. மேலே தூக்கிப் பிடிக்க வேண்டாம். முதல் வாரம் இடது பிரேக் மட்டும் போதும். எஸ்பிடி (இரண்டு சக்கரத்துக்குமான இணைப்பு பிரேக்) உள்ள செஸ்ட்டில் இடது லீவரை அழுத்தினால் முன் சக்கரத்துக்கும் பிரேக் போகும்.

கேரளா டெஸ்டில் எட்டு போடும்போது கால் ஊன்றினால் போச்சு. முன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில் நட்டிருக்கும் கம்பியைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தபடியே வைத்து, இடது பிரேக்கை மெல்லத் தேய்த்து வேகத்தை அடக்குங்கள். திருப்பத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் உள்ளே தானாக இயங்கும் கிளட்ச் விட்டுப்போய் வண்டி சரியும். இந்த வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டுமே கிடைக்கும்.

குறைகளும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த எடைக்கு அதிகம். ஆடியில் தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். அங்கே கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்துப் போவதுதான் வழி. 10 இஞ்ச் சக்கரம் என்பதால் குழியில் நன்றாக இடிக்கும். உயரமான ஆண்களுக்கு முழங்கால் இடிக்கும். வீட்டில் எல்லோரும் ஓட்ட ஒரே வண்டி தேடினால் ஜூபிடர் பாருங்கள். இவ்வளவு சின்ன வண்டியா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று: 2015-ல் அனம் ஹாஷிம் என்ற இளம்பெண் செஸ்ட்டிலேயே லடாக்கின் உயரமான கர்துங் லா கணவாய் ஏறினார்.

பெரிய ஸ்டாண்டு போடக் கைபலம் வேண்டாம். ஸ்டாண்டைக் காலால் அழுத்தி, அதன் இரண்டு காலும் தரையில் பட்டதை உணர்ந்த பிறகு முழு உடல் எடையையும் ஸ்டாண்டை மிதிக்கும் உங்கள் காலில் இறக்குங்கள். வண்டி தானே பின்வாங்கி ஏறும். ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் பட்ட நிலையில் அழுத்தினால் சாயும்.

பழைய வண்டி வாங்கினால் 2019 ஏப்ரலுக்குப் பிந்தியதாகப் பாருங்கள். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இணைப்பு பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயமானது அப்போதுதான். பொள்ளாச்சியிலிருந்து டிஎன் வண்டி எடுத்தால் என்ஓசி (தடையில்லாச் சான்று) கேட்டு வாங்குங்கள்; 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் கேரளா நம்பருக்கு மாற்ற வேண்டும்.