ஏலத்தில் வரும் பார்க்கர் 51: பாண்டியிலிருந்து வாங்குவோருக்கு ஒரு விமர்சனம்

இணைய ஏலத்தில் பழைய மைப்பேனா வாங்கி, வீட்டிலேயே சரிசெய்து எழுத ஆசைப்படுபவர் முதலில் வாங்க வேண்டியது பார்க்கர் 51-ல் ஏரோமெட்ரிக் ரகம், அதாவது உள்ளிருக்கும் பையை அழுத்தி மை ஏற்றுவது. அழகுக்காகவோ பெயருக்காகவோ இதைச் சொல்லவில்லை. எழுபது வருடம் மேசை டிராயரில் கிடந்த பேனாகூட வெறும் தண்ணீரில் கழுவியதும் எழுதத் தொடங்குவது இந்த ரகத்தில்தான் அதிகம். கெட்டுப்போகக்கூடிய ரப்பர் இதன் உள்ளே கிடையாது. மை நிற்கும் பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. காலப்போக்கில் பழுப்பேறுமே தவிர, பெரும்பாலும் இறுகுவதில்லை.

பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941-ல். 1948 வரை வந்தவை வேக்குமேட்டிக் ரகம். அவற்றில் மை ஏற்றுவது ஒரு ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு). அதன் பிறகு 1972 வரை வந்தவை ஏரோமெட்ரிக். விற்பவர்கள் இரண்டையும் கலந்து ஒரே பெயரில் போடுவார்கள். படத்தில் பேனாவின் பின்நுனியைப் பாருங்கள். அங்கே மூடிபோல் ஒரு கோடு சுற்றி ஓடினால் அது வேக்குமேட்டிக். பின்நுனி கோடில்லாமல் வழவழப்பாக இருந்தால் ஏரோமெட்ரிக். வேக்குமேட்டிக்கின் டயாஃப்ரத்தை மாற்ற, அந்த மரைக்கென்றே செய்த தனிச் சாவி வேண்டும். இடுக்கி போட்டுத் திருகினால் மரை போய்விடும், பேனாவும் போய்விடும். முதல் பேனாவுக்கு அது வேண்டாம்.

ஏலப் பக்கத்தில் பெரும்பாலும் நாலைந்து படங்கள்தான் இருக்கும். ஏலம் கேட்கும் முன் விற்பவரிடம் இன்னும் மூன்று படம் கேட்டு வாங்குங்கள். நிப்பின் நுனியைப் பக்கவாட்டிலிருந்து நெருக்கமாக எடுத்தது ஒன்று. பின்பகுதியைக் கழற்றி உள்ளே இருக்கும் உலோகக் கூட்டையும் பையையும் காட்டுவது ஒன்று. மூடியின் வாயை உள்பக்கமாகக் காட்டுவது இன்னொன்று. இவற்றில் நிப் படத்துக்குத்தான் உயிர் இருக்கிறது. இந்தப் பேனாவில் நிப்பின் பெரும்பகுதி மூக்குறைக்குள் (நிப்பை மூடியிருக்கும் முன்பக்க உறைக்குள்) மறைந்திருக்கும், வெளியே தெரிவது ஒரு சிறு நுனி. அதன் முனையில் உருண்டையாக ஒட்டவைத்த கடின உலோக மணி இருக்க வேண்டும். அது தேய்ந்து தட்டையாகி இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் உடைந்து விழுந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். மற்றப் பழுதுகளில் பெரும்பாலானதை வீட்டில் சரிசெய்யலாம். மணியை மறுபடி வைக்க நிப்பைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டிவரும், அந்தச் செலவில் இன்னொரு பேனாவே வாங்கிவிடலாம்.

பெயர் பொறித்த பேனாவைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பரிசாகக் கொடுக்கப்பட்டவை அதிகம் என்பதால் அப்படி நிறைய வரும். சேகரிப்பவர்கள் ஒதுக்குவதால் விலை குறையும், எழுதுபவருக்கு அது லாபம். மூடியில் சிறு நசுங்கல் இருந்தாலும் பரவாயில்லை. மூக்குறையில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம், மை கசியும்.

விளம்பரத்தில் ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால், சோதித்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஏரோமெட்ரிக்கில் அந்த அபாயம் சிறியது. மூடியும் உடலும் வேறு வேறு பேனாவிலிருந்து வந்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். மூடியின் கீழ் விளிம்பில் பார்க்கர் 51 என்ற எழுத்தைத் தேடுங்கள். சில நேரம் பார்க்கர் 21 பேனாவின் உடலில் 51-ன் மூடியைப் போட்டு விற்பதும் உண்டு. 21-ன் பிளாஸ்டிக் தரம் குறைந்தது, அதன் உறை சுலபமாகப் பிளக்கும். நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்த ஹீரோ 616-ம் வெளித்தோற்றத்தில் இதே குடும்பம்தான். மங்கலான படத்தில் அது 51 போலவே தெரியும்.

விலை விஷயத்தில் ஒரே கணக்குதான். ஏலத் தொகை, கப்பல் கூலி, சுங்க வரி, தபால் கட்டணம், வாங்க வேண்டிய சாமான்கள் எல்லாவற்றையும் முதலில் கூட்டுங்கள். சரிசெய்து உத்தரவாதத்தோடு விற்பவரிடம் அதே பேனா என்ன விலை என்று பாருங்கள். உங்கள் மொத்தம் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் அந்த ஏலம் வேண்டாம். சுங்க வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டே கேளுங்கள். தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரே ரசீது கொடுத்து வாங்கிக்கொள்வார். உச்சத் தொகையை முதலிலேயே தாளில் எழுதி வைத்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே தடவை போடுவதுதான் நல்லது. முன்கூட்டியே போட்டால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுத்ததாகிவிடும்.

பேனா கைக்கு வந்ததும் எதையும் திருகாதீர்கள். முதல் வேலை ஊறவைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, நிப் பக்கம் மட்டும் உலோக வளையம் வரை மூழ்கும்படி ஒரு சின்ன டம்ளரில் நிறுத்துங்கள். வெந்நீர் கூடவே கூடாது. தண்ணீர் நீலமாக மாற மாற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உறைக்குள் மெல்லிய தகடு தகடாகச் செதுக்கிய ஒரு பாகம் இருக்கிறது, காய்ந்த மை முழுவதும் அந்த இடுக்குகளில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடலோரம் என்பதால் பாண்டியிலும் கடலூரிலும் பல இடங்களில் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், அது காய்ந்தால் அதே இடுக்கில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மலிவு, அதைப் பயன்படுத்துங்கள். ஒரே கடையில் பேட்டரி ஆசிடும் விற்பதால் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஊறிய பிறகு பின்பகுதியைக் கழற்றி, தண்ணீரில் நிப்பை மூழ்கவிட்டு, உள்ளே பையைச் சுற்றியிருக்கும் உலோகக் கூட்டின் பட்டையை நிதானமாக அழுத்தி விடுங்கள். முதல் அழுத்தலில் குமிழி வரவேண்டும், சில தடவைக்குப் பிறகு குமிழி நின்றுவிட வேண்டும். இப்போது உள்ளே ஏறிய தண்ணீரை ஒரு மூடியில் அழுத்திக் கொட்டி, மருந்துக் கடைச் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்து பாருங்கள். ஒரு மில்லி லிட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் பேனா நலம். அதில் பாதிதான் வருகிறது என்றால் பைக்குள் ஓடும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. குமிழி வந்துகொண்டே இருந்து தண்ணீர் ஏறவே இல்லையென்றால் பை எங்கோ பிளந்திருக்கிறது. அப்போது பையை மாற்ற வேண்டும், இது அபூர்வம்.

பத்தில் பெரும்பாலான பேனாக்கள் இங்கேயே எழுதத் தயார். மூக்குறையைக் கழற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, இதுதான் கவனம் தேவைப்படும் இடம்.

உறை மரைமேல் அரக்கு பூசி ஒட்டியிருக்கும். அரக்கு சூட்டில் இளகும், ஆனால் உடல் லூசைட் என்ற அக்ரிலிக். அதிகச் சூட்டில் அது வளைந்துவிடும். முடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்து, உறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். விரலால் தொட்டுக்கொண்டே இருங்கள், ‘சூடு’ என்று கை தானே விலகும் அளவோடு நிறுத்துங்கள். ரப்பர் துண்டால் பிடித்து இடஞ்சுழியாகத் திருகுங்கள். அசையவில்லையா, இன்னும் ஒரு நாள் ஊறவைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பலம் போட்டால் உறை பிளக்கும், மாற்று உறைக்கு மறுபடி ஏலம்தான் தேட வேண்டும். உறை வந்ததும் உள்ளிருக்கும் ஒவ்வொரு பாகமும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகே நிப்பை நேராக இழுங்கள். மூச்சுக் குழாய் அடைப்பை மெல்லிய கித்தார் கம்பியால் தள்ளலாம்.

மரையில் ஒட்டியிருக்கும் பழைய அரக்கைப் பல் குச்சியால் சுரண்டுங்கள். இதை ஸ்பிரிட்டில் துடைப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. லூசைட்டில் ஆல்கஹால் பட்டால் உள்ளுக்குள் மெல்லிய வெடிப்பு வலை பரவும், அதற்கு மருந்து இல்லை. தின்னர் இன்னும் மோசம். திரும்ப மாட்டும்போது பெயிண்ட் கடையில் கிடைக்கும் அவலரக்கைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் பாகு பதத்துக்குக் கரைத்து, மரைமேல் ஒரு மெல்லிய கோடு மட்டும் இழுத்தால் போதும்; ஸ்பிரிட்டில் துடைப்பதுபோல் அல்ல இது, ஆனாலும் கோட்டுக்கு வெளியே வழியவிடாதீர்கள். கம் வேண்டாம், குவிக்ஃபிக்ஸ் வேண்டவே வேண்டாம். அரக்கு காயும் முன் நிப் உறையின் நடுவில் இருக்கிறதா என்று முன்பக்கமிருந்து பார்த்துத் திருத்துங்கள். ஓர் இரவு காயட்டும். இந்த ஒட்டு சரியில்லையென்றால் எழுதும்போது வளையத்தருகே மை கசிந்து விரலில் ஒட்டும்.

எழுதிப் பார்க்கையில் கரகரவென்றிருந்தால் தேய்க்கும் தாளைத் தேடாதீர்கள். பெரும்பாலும் நிப்பின் இரண்டு பல்லும் (நடுவில் பிளந்த இரு பாதியும்) ஒரே மட்டத்தில் இல்லாததுதான் காரணம். பத்து மடங்கு லென்ஸில் நேர் முன்னே பாருங்கள், உயர்ந்த பல்லை நகத்தால் மெல்லக் கீழே அழுத்துங்கள். மை போதவில்லையென்றால் 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பற்களின் நடுவில் ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டும் செய்த பிறகும் கரகரத்தால் மட்டும் 12000 எண் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய தேய்க்கும் தாளில், கையெடை மட்டும் வைத்து, எட்டு வடிவில் சில சுற்று. சோதனைக்கு ஆசிரமக் கைவினைக் காகிதம் வேண்டாம், அதன் பருத்தி இழை பற்களுக்கிடையில் சிக்கி இல்லாத குறையைக் காட்டும். வழவழப்பான சாதாரண நோட்டு போதும்.

பளபளப்பாக்க உடலுக்குப் பிராஸ்ஸோவைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் தேய்க்கலாம், முத்திரை பதித்த இடத்தைத் தவிர. மங்கலான எஃகு மூடிமேல் பிராஸ்ஸோ போடாதீர்கள். அந்தப் பனிமூட்ட மெருகு போனால் திரும்பாது. தங்கப் பூச்சுள்ள மூடிக்கு வெறும் மெல்லிய துணி போதும்.

வேறு பேனாக்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஸ்டர்புரூக் ஜே இரண்டாவது பேனாவாக நல்லது. ரப்பர் பையை 16-ம் எண் அளவில் வாங்கி அரக்கில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது, நிப்பும் திருகி மாற்றக்கூடியது. கடல் காற்றில் அதன் உள்ளிருக்கும் எஃகுப் பட்டை துருப்பிடிக்கும், அதை மட்டும் பாருங்கள். ஷீஃபர் ஸ்னார்க்கல் அற்புதமான பொறியியல், ஆனால் உள்ளே ரப்பர் சீல் பல இடங்களில் இருப்பதால் முதல் வருடத்தில் தொட வேண்டாம். ஜப்பானிய பாக்கெட் பேனாக்களில் பைலட்டும் பிளாட்டினமும் இன்றும் மைக் குப்பி (கார்ட்ரிட்ஜ்) தயாரிப்பதால் தைரியமாக வாங்கலாம்.

பாண்டிக்காரர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. பிரான்ஸில் உறவினர் உள்ள வீடுகள் இங்கே அதிகம், அவர்கள் முகவரிக்கு ஏலத்தில் வாட்டர்மேன் சி/எஃப் வாங்கிக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. 1953-ல் வந்த அந்தப் பேனா பார்க்க மிக அழகு. ஆனால் அதற்கென்ற மைக் குப்பி தயாரிப்பு நின்றுபோய்விட்டது, இன்றைய வாட்டர்மேன் குப்பி அதில் பொருந்தாது. பேனாவோடு பழைய குப்பியோ மை ஏற்றும் கருவியோ வருகிறதா என்று உறுதி செய்யாமல் அதை வாங்கினால் ஷோகேஸில்தான் வைக்க முடியும்.

மை விஷயத்தில் சாதாரண நீல மை போதும், பிரில் அல்லது கேமல். டிராயிங் இங்கில் அரக்கோ பிசினோ இருக்கும், அது காய்ந்தால் அந்தத் தகடு இடுக்குகளை நிரந்தரமாக மூடிவிடும். ஈரக் காற்றில் மைப் புட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. புட்டியைத் திறந்தால் ஊசல் வாடை வந்தாலோ, மேலே ஆடைபோல் மிதந்தாலோ அதைப் பேனாவில் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று தடவை மை நிரப்பியதற்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எழுதப்போவதில்லையென்றால் மையைக் கொட்டி, அலசி, நிப்பைக் கீழே பார்த்து டிஷ்யூ தாளில் நிறுத்தி உலர்த்திவிட்டே மூடுங்கள்.