மூக்கோரம் ஒரு நீலக் கோடு

விமானம் தாமதம், பெட்டி வரவில்லை, வரிசையில் கால் கடுத்தது என்று புலம்ப இந்த முறை ஒன்றுமில்லை. அதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நான்கு வாரம் ஊரில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவனுக்கு எழுதத் தோன்றுவது ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான். அன்று அப்பாவின் மூக்கில் இருந்த டியூப் இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது.

அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் வரவில்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்கள் விழுங்குவதில் சிக்கல் இருக்கும், நிறைய பேருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் என்று படித்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அப்பாவை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு இறக்கும் ஒரு ரைல்ஸ் டியூப், கையில் ஒரு தாள்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.’ அவ்வளவுதான். ஊட்டும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்காவது உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த கையோடு படுக்கையைத் தாழ்த்தாமல் ஒரு மணி நேரமாவது அப்படியே விட வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூபை அலச வேண்டும், எதுவுமே இல்லை. மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரு வளைவு போட்டு ‘நசுக்கிக் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. அதில் ஒன்று நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். நான்கு தடவை போன் போட்ட பிறகு வேறு மாத்திரை எழுதித் தந்தார்கள். இங்கிலாந்தில் இப்படி நடக்குமா என்று அம்மாவிடம் கத்தினேன். பாவம், அம்மா என்ன செய்வார்?

பகலில் ஒரு சிஸ்டர். படித்தவர், சுத்தமானவர், நேரம் தவறாதவர். முதல் நாளே அவருடன் எனக்கு முட்டிக்கொண்டது. ஊட்டுவதற்கு முன் சிரிஞ்சில் காற்றை இழுத்து டியூபுக்குள் சர்ரென்று அடித்தார். ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் வயிற்றில் வைத்து, “சத்தம் வருது சார், கரெக்டா இருக்கு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காற்றுச் சத்தத்தை நம்பவே கூடாது என்று இங்கிலாந்தில் 2005-லேயே சொல்லிவிட்டார்கள். டியூபின் முனை நுரையீரலில் இருந்தாலும் உணவுக்குழாயில் நின்றாலும் வயிற்றின் மேல் வைத்த காதுக்கு அதே சத்தம் கேட்கலாம். அங்கே டியூப் வழியாக வயிற்று நீரை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பி.எச். தாளில் விட்டுப் பார்ப்பார்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வயிற்று அமிலம், ஊட்டலாம். அதற்கு மேல் போனால் எக்ஸ்ரே.

அந்தத் தாளை நான் பெட்டியில் வைத்துக் கொண்டே வந்திருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளை அல்லவா.

அடுத்த வேளை நானே சிரிஞ்சைப் பிடித்தேன். உறிஞ்சினேன், ஒன்றும் வரவில்லை. மறுபடியும் இழுத்தேன், டியூப் உள்ளே ஒட்டிக்கொண்டதுபோல் இறுகியது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் இருக்கிறதே, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒருவழியாக ஐந்தாறு சொட்டு வந்தது. தாளில் விட்டால் 6. அப்பா தினமும் காலையில் எடுக்கும் கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைத்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. டியூப் சரியான இடத்தில் இருந்தாலும் இனி தாள் 6 என்று காட்டக்கூடும். ஒவ்வொரு வேளைக்கும் ஆம்புலன்ஸ் வைத்து எக்ஸ்ரேக்கு ஓடவா முடியும்? சிஸ்டர் காற்றை அடித்தார், சத்தம் கேட்டார், ஊட்டினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கிலாந்தில் என்.ஜி. (நேசோகேஸ்ட்ரிக்) என்று சொல்லும் டியூபுக்கு ஊரில் ரைல்ஸ் என்றால்தான் புரியும். ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921-இல் கொண்டுவந்தது. அவர் அதைச் செய்தது ஊட்டுவதற்காக அல்ல, வயிற்று நீரை வெளியே எடுத்துச் சோதிக்க. நூறு வருடம் கழித்து அதே வேலையைத்தான் நானும் கையில் ஒரு தாளோடு செய்துகொண்டிருந்தேன், அவர் அளவுக்குச் சாமர்த்தியம் இல்லாமல்.

இரவுக்கு ஓர் அக்கா வருவார். நர்ஸிங் படித்தவர் இல்லை. இப்படிப் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தே கற்றுக்கொண்டவர். வந்தவுடன் கை கழுவிவிட்டு முதலில் அப்பாவின் வாயைத்தான் பார்ப்பார். வாயால் சாப்பிடாதவருக்கு எதற்கு வாய் கழுவ வேண்டும் என்று வீட்டில் யாருமே தொடாமல் விட்டிருந்த நாக்கை, விரலில் ஈரத்துணி சுற்றி மெல்லத் துடைத்து எடுப்பார். “இந்த அழுக்கெல்லாம் எச்சிலோட நெஞ்சுக்குள்ள இறங்கிடும் தம்பி” என்பார். நிமோனியா வருவதற்கான காரணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ராத்திரி எட்டு மணி. போகும் முன் சிஸ்டர் காற்றடித்துப் பார்த்து ‘கரெக்ட்’ சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊட்ட வேண்டியதைக் கலந்து, ஆற வைத்து, அக்கா கையில் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்தார். குனிந்து அப்பாவின் மூக்கையே பார்த்தார்.

“கோடு எங்க தம்பி வந்திருக்கு, பாருங்க.”

என்ன கோடு? டியூப் போட்ட அன்றே, மூக்குத் துவாரத்தை ஒட்டி டியூபின் மேல் நீல மார்க்கரால் அக்கா ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். பத்து நாளாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான், எனக்கு அது கண்ணில் படவில்லை. மத்தியானம் மாற்றிய புது பிளாஸ்டர் பளிச்சென்று, இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தது. நான் பிளாஸ்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். கோடு அதற்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளித் தொங்கியது. பிளாஸ்டர் மாற்றும்போது நழுவியதா, அப்பா இடது கையால் இழுத்துவிட்டாரா, தெரியாது. சாயங்காலம் முழுக்க அவர் இருமிக்கொண்டிருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. சளி என்று நினைத்திருந்தோம்.

அக்கா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். டியூப் அங்கே சுருண்டிருக்கவில்லை. அப்பாவை இடப்பக்கமாகச் சாய்த்து, அரை மணி நேரம் பொறுத்து, சிரிஞ்சை மெதுவாக இழுத்தார். ஏதோ கொஞ்சம் வந்தது. என் தாளில் விட்டேன். அதே 6.

“இன்னிக்கு ராத்திரி கொடுக்க வேணாம்.”

பசிக்குமே, தண்ணீர்கூட இறங்காதே, சிஸ்டர் பார்த்துச் சொல்லிவிட்டுத்தானே போனார் என்று நான் இழுத்தேன். டியூபை அப்படியே உள்ளே தள்ளிவிட்டால் என்ன என்றுகூடக் கேட்டேன், வெட்கமாக இருக்கிறது. “தள்ளினா எங்க போகும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். கலந்ததைக் கொண்டுபோய் அவரே கொட்டினார். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். காலையில் கூட்டி வரச் சொன்னார்கள். அதுவரை டியூப் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது.

விடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயில் டியூபின் முனை வயிற்றுக்குள் இல்லை, உணவுக்குழாயிலேயே நின்றிருந்தது. அங்கே 200 மில்லியை ஊற்றியிருந்தால் அது மேலே எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். புது டியூப் போட்டு, இன்னொரு எக்ஸ்ரே எடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு வருடம் முன்பு என் மாமனார் இங்கிலாந்தில் ஒரு வார்டில் இதே டியூபோடு படுத்திருந்தார். தாளில் எண் சரியாக வரவில்லை என்று எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டு 11 மணி நேரம் பட்டினி போட்டார்கள். ‘விதிமுறை’ என்ற ஒரே பதில். அன்று ஊரை நினைத்து ஏங்கினேன், வீடு என்றால் யாராவது ஒருத்தர் ஏதாவது செய்திருப்பார்களே என்று. அந்த வார்டில் ஷிஃப்டு மாறும்போதெல்லாம் நர்ஸ் வந்து டியூபை உற்றுப் பார்த்து, மூக்கருகே எத்தனை சென்டிமீட்டர் என்று சார்ட்டில் ஓர் எண்ணை எழுதுவார். வேலையில்லாமல் எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். அந்த எண்ணும் இந்த நீலக் கோடும் ஒன்றுதான் என்று புரிய எனக்கு ஒரு விமானப் பயணம் தேவைப்பட்டிருக்கிறது.

சிஸ்டரிடம் சண்டை போடவில்லை. கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாளிலிருந்து காற்றை அடிக்கும் முன் கோட்டைப் பார்க்கிறார். காற்று அடிப்பதை மட்டும் விடவில்லை. பி.எச். தாள் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன், யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது தினமும் வீடியோ காலில் பேசுகிறேன். அப்பாவின் முகம் முழுதாகத் தெரிவதே இல்லை. அக்கா போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்கிறார்.

“கோடு தெரியுதா தம்பி?”

“தெரியுதுக்கா.”

“அப்ப சரி, ஊட்டப் போறேன். வச்சிடுங்க.”