840-ஆ, 1050-ஆ: புரை படிந்த கண்ணுக்கு எந்த ஓசிடி?

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கமிருந்து கண் பார்க்க வரும் முதியவர்கள் பலருக்குப் புரையும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும். இவர்களின் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஒளியின் அலைநீளம்.

ஸ்பெக்ட்ரல் டொமைன் வகை 840 நானோமீட்டரை ஒட்டி வேலை செய்கிறது. திரும்பி வரும் ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டர் பிரித்துப் படிக்கும். ஸ்வெப்ட் சோர்ஸில் லேசரே 1050-ஐச் சுற்றி அலைநீளத்தை மாற்றிக்கொண்டே ஓடும். அலைநீளம் கூடினால் சிதறல் குறையும். ஆகவே நடுத்தரப் புரையையும் விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமி அடுக்கையும் தாண்டி, விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டு வரை 1050 தெளிவாகக் காட்டும். 840-இன் ஸ்கேன் கோடு மங்கிய சிவப்பாகத் தெரிவதால் நோயாளியின் கண் அதன் பின்னாலேயே போகும், படம் ஆடிவிடும். 1050-இல் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

நுணுக்கத்தில் 840 சளைத்ததல்ல. ஆழத் துல்லியம் அலைநீளத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே 5 மைக்ரானைப் பிடிக்க 1050-க்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் அகன்ற அலைவரிசை தேவை. மாக்குலா எனும் விழித்திரை நடுப்பகுதியின் வீக்கம், நரம்பிழை அடுக்கின் தடிமன் ஆகியவற்றுக்கு 840 தாராளம். கோராய்டும் வேண்டுமா? கருவியைக் கண்ணுக்கு இன்னும் நெருக்குங்கள். படம் தலைகீழாகும்; சிக்னல் வலுவாக உள்ள பக்கத்துக்குக் கோராய்டு வந்துவிடும். ஒரே கோட்டில் பல படம் எடுத்துச் சராசரி செய்தால் இரைச்சல் அடங்கும். ஈடிஐ எனப்படும் இந்த முறை புதிய கருவிகளில் ஒரு பொத்தானிலேயே கிடைக்கிறது. 1050-இன் விலை பல மடங்கு அதிகம் என்பதால், புரை அறுவையும் அங்கேயே செய்யும் சிறு மருத்துவமனைக்கு ஈடிஐ உள்ள 840-தான் சரி. கோராய்டு நோய்களை நிறையப் பார்க்கும் மையத்துக்கு 1050. புரை முற்றி வெளுத்த கண்ணில் இரண்டுமே தோற்கும். அங்கே பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்டுதான்.

சாயமில்லாத ஓசிடி ஆஞ்சியோ ஓடும் ரத்தத்தைக் காட்டும், ரத்தக்குழாயின் கசிவைக் காட்டாது. கசிவைப் பிடிக்க 10 சதவீத ஃபுளோரசின் சாயம் 5 மில்லி சிரையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். குமட்டலுக்கும், அபூர்வமான கடும் ஒவ்வாமைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

அலைநீளத்தை இன்னும் கூட்டினால் என்ன? மூளைத் திசுவுக்கு 1300 நானோமீட்டர் பொருந்தும். எலியின் மூளைப் புறணியில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம் வரை எட்டுகிறது. அதே ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தினால், விழித்திரைக்குப் போய்த் திரும்புமுன் கண்ணின் நீரே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

படம் மங்கினால் உடனே புரையைக் குறை சொல்லாதீர்கள். கடற்காற்றிலும் வெயிலிலும் காய்ந்த கண்ணில் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடையும்: ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, இரண்டு தரம் இமைக்கச் சொல்லி, உடனே எடுங்கள். முகாமில் ஏசி வண்டியிலிருந்து இறக்கிய கருவியின் லென்ஸில் ஈரம் படியும். அறையின் சூட்டுக்கு அது வரும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் கருவி காட்டும் சிக்னல் மதிப்பு 10-க்கு 6-ஐத் தொடாவிட்டால், அந்தத் தடிமன் எண்களை நம்பி மருந்தை மாற்றக் கூடாது.