இஸ்ரோ வேலையா, கோள் ஆய்வா? ஒரு தண்டையார்பேட்டைக் கணக்கு

எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது, பள்ளி மைதானத்தில் நின்று வடக்கு வானத்தைப் பார்த்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எங்கள் பகுதிக்கு ஸ்ரீஹரிகோட்டா தூரத்து ஊர் இல்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம். ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். அந்தச் சேதி காசிமேடு வரை வந்துவிடும்.

"அண்ணா, நான் இஸ்ரோவுல சேரணும். என்ன படிக்கட்டும்?"

"ராக்கெட் செய்யணுமா, நிலாவுல கிடக்கிற கல்லு என்ன கல்லுன்னு கண்டுபிடிக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

இல்லை. இரண்டுக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, முதல் சம்பளம் வரும் ஆண்டும் வேறு. எங்கள் தெருவில் இதைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால், விண்வெளி மேல் ஆசைப்படும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாசலில் போய் நிற்கிறார்கள். நான் பாறைகளையும் நிலத்தையும் ஆராயும் ஜியாலஜி படித்து, முனைவர் பட்டம் முடித்து, இப்போது கல்லூரியில் பாடம் எடுப்பவன். அவளுக்காக நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் அறிந்த வழி. பி.இ. முடித்து இஸ்ரோவின் விஞ்ஞானி/பொறியாளர் 'எஸ்சி' பணிக்கு (இது பதவி நிலையின் பெயர், சாதிப் பிரிவு இல்லை) விண்ணப்பிப்பது. பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைத்தான் கேட்பார்கள். 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் படிகள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நாலே வருடத்தில் சம்பளத்துக்குத் தயார். லாரி ஓட்டும் அப்பாவுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இந்த வழியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு அறிவிப்புக்குச் சில நூறு இடங்கள்தான் என்பதால் இஸ்ரோ கிடைக்காமல் போகலாம். போனாலும் கையில் இருக்கும் பட்டம் வீணாகாது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் என்ற தனியார் நிறுவனம், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட் விட்டது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கும் மெக்கானிக்கல் ஆட்கள் வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்தவர்களுக்கும் டெக்னீஷியன், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்று இஸ்ரோவில் இடங்கள் வருகின்றன. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் படிப்பைத் தொடங்கியதே டிப்ளமாவில்தான். பிறகு பி.இ., எம்.டெக்., ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் என்று ஒவ்வொன்றாக ஏறினார்.

திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கிய ஐஐஎஸ்டி நேராக விண்வெளிக்கென்றே நடக்கும் கல்லூரி. ஆனால் அதன் பி.டெக். சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாக நடக்கிறது. பயிற்சி வகுப்பே போகாதவளுக்கு இந்த வயதில் அது எட்டாது. மேற்படிப்புக்கு அங்கே போக வாய்ப்பு இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அந்தக் கல்லுக்கு வருவோம்.

நிலவில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நூறு மீட்டர் சொச்சம் நகர்ந்தது. மண்ணில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்க அதில் இருந்த ஏபிஎக்ஸ்எஸ் கருவி, வழியில் 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்தக் கருவியைச் செய்தவர்கள் அகமதாபாத் பி.ஆர்.எல்.காரர்கள். விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வகம் அது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. நிலவின் தென்பகுதி மண், அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை வகையோடு பொருந்துகிறது. நிலவு முழுவதும் ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது, எடை குறைந்த கனிமங்கள் பாலாடை போல மேலே மிதந்து உறைந்து அதன் மேலோடு ஆனது என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது. ஊர்தியை இறக்கியது பொறியியல். அது தொட்ட மண்ணை வைத்து இவ்வளவு பழைய கதையைப் படித்தது கோள் அறிவியல். இந்த இரண்டாவது வேலைக்கு இயற்பியல், வேதியியல், ஜியாலஜி படித்தவர்கள் வேண்டும்.

அனார்த்தசைட் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயான்-2க்காக நிலவு மண் போலவே ஒரு மண் தேவைப்பட்டபோது, அந்தப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ தயாரித்தது. எம்.எஸ்சி. களப்பயணத்தில் நான் எடுத்துவந்த கைப்பிடி அளவு துண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லைப் பார்த்த விதத்திலேயே அவள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது இந்த வழியில் ஆட்களுக்கான தேவையும் கூடுகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு 2,104 கோடி ரூபாயும், வெள்ளிக் கோளைச் சுற்றிவரும் கலத்துக்கு 1,236 கோடியும் ஒதுக்கியது. சந்திரயான்-4இன் வேலையே நிலவிலிருந்து மண்ணையும் கல்லையும் பூமிக்குக் கொண்டுவருவது. வந்த கல்லை அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து, வயது பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு இது சரியான காலம் என்று நான் நம்புகிறேன்.

இயற்பியலா, ஜியாலஜியா என்ற கேள்வி அடுத்து வரும். இயற்பியல் படித்தால் கதவுகள் அதிகம். பெங்களூரு ஐஐஏ, புனே ஐயூகா என்று வானியல் பக்கமும் போகலாம். ஐஐஏ நம் மெட்ராஸ் வானாய்வகத்தின் வாரிசு. 1861-இல் அந்த வானாய்வகத்தின் வானியலாளர் போக்சன் 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது இந்தச் சென்னையில் இருந்துதான். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலத்தின் முக்கியக் கருவியைச் செய்ததும் ஐஐஏதான். ஆனால் போட்டியும் அதே அளவு. ஜியாலஜியை எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் "ஜியாக்ரஃபியா?" என்று கேட்பார்கள். படிப்பவர்கள் குறைவு, சொல்லித்தரும் கல்லூரிகளும் குறைவு. ஆனால் சென்னையிலேயே, கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் வரை போகலாம். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் வீட்டைக் கவிழ்க்காது. அதன்பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி., அல்லது ஐஐடிகளின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஒரு ஐஐடி.

அப்புறம், ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இருக்கும் ஐந்து அறிவியல் தாள்களில் ஒன்றின் பெயரிலேயே கோள் அறிவியல் இருக்கிறது: புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள் அறிவியல் என்று ஒரே தாள். ஜியாலஜி மாணவிக்கு அதில் பாதிப் பாடம் ஏற்கெனவே பழக்கம். அதில் ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். இரண்டு வருடம் கழித்து 42,000. அதைக் கையில் வைத்துக்கொண்டு பி.ஆர்.எல். நேர்காணலுக்குப் போகலாம்.

ஜியாலஜி வழியில் இடையில் கதவு மூடினாலும் பிழைக்க வழி உண்டு. யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் அதே 56,100 அடிப்படைச் சம்பளம். மாநில அரசின் உதவிப் புவியியலாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி இருக்கிறது. இயற்பியலில் தோற்றவர்கள் பி.எட். போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வேலை மேல் எனக்கு மரியாதை குறைவில்லை. ஆனால் கல்லைக் கையில் வைத்திருக்க ஆசைப்பட்டவருக்கு அது வேறு வாழ்க்கை.

இந்த வழியின் கஷ்டத்தையும் மறைக்காமல் அவள் அப்பாவிடம் சொன்னேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. சேர்த்து ஐந்து வருடம் சம்பளம் இல்லை. பட்டப்படிப்பு முடியும் வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அது பஸ், மெட்ரோ, நோட்டுக்குச் சரியாகப் போகும். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 கிடைக்கும். அதில் 60,000 கைக்கு வரும், மீதி கோடைக்கால ஆய்வுக்கு. இவள் மதிப்பெண் அந்த எல்லையில் ஊசலாடுகிறது. விண்ணப்பித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வு உதவித்தொகையும் மாதா மாதம் முதல் தேதி வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. என் காலத்தில் ஒருமுறை நாலு மாதம் வரவே இல்லை. விடுதி மெஸ்ஸுக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். மொத்தமாக வந்ததும் மீட்டோம், ஆனால் அந்த நாலு மாதத்தை நான் மறக்கவில்லை. எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதத்துச் செலவை ஒதுக்கி வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், முனைவர் பட்டம் முடியும்போது வயது இருபத்தெட்டைத் தாண்டிவிடும். நிரந்தர வேலை அதன்பிறகும் உடனே கிடைக்காது. இரண்டு, மூன்று ஊர்களில் ஒப்பந்த ஆய்வாளராக இருக்க நேரும். பி.இ. முடித்த தோழி அதற்குள் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருப்பாள். இதைத் தாங்க முடியாத வீடென்றால் பொறியியலே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டாள். எம்.எஸ்சி. வரை இங்கேயே படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு மட்டும் யோசி என்றேன். ஜெர்மனியில் முதுகலைக்குப் போக வேண்டுமானால், கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லாவிட்டாலும், விசாவுக்கு முன்பே வங்கிக் கணக்கில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் முடக்கிக் காட்ட வேண்டும். முனைவர் பட்டமோ அங்கே ஒரு வேலை, சம்பளத்தோடு வருவது. கோட்டிங்கனில் மேக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனம் இதற்கென்றே ஒரு ஆய்வுப் பள்ளி நடத்துகிறது, பாடம் ஆங்கிலத்தில். சந்திரயான்-1இல் பறந்த ஆறு வெளிநாட்டுக் கருவிகளில் 'சர்-2' அவர்களுடையது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு வெளிநாட்டு மேற்படிப்புக்குத் தமிழ்நாடு அரசின் உதவித்தொகையும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் அரிசோனா போன்ற பெரிய கோள் ஆய்வுத் துறைகள் உள்ளன. சேர்ந்துவிட்டால் கட்டணமும் செலவும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் டாலரில் கட்ட வேண்டும். நாசாவின் நேரடி வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். 2025-இல் நாசாவின் அறிவியல் நிதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க அந்நாட்டு அரசு முன்மொழிந்தபோது, பல ஆய்வகங்கள் ஆடிப்போயின. ஒரு அரசின் ஒரு வருட முடிவில் இவ்வளவு ஆட்டம் காணும் இடத்தை, கையிருப்பே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். அகமதாபாத், அப்புறம் கோட்டிங்கன், கடைசியில் அரிசோனா. இதுதான் என் வரிசை.

சேர்வதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. சந்திரயான்-2 எடுத்த படங்களையும் தரவுகளையும் இஸ்ரோ 'பிரதான்' என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவள் வீட்டில் கணினி இல்லை, கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொதுப் படிப்பு மையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் படங்களில் நானே பள்ளங்களை எண்ணிப் பார்த்தேன் என்று எழுத முடிந்தால் அந்த விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

அவள் அப்பா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். நாள்காட்டித் தாளின் பின்புறம் இரண்டு வரிசையாக ஆண்டுகளை எழுதிக் கொடுத்தேன், எந்த ஆண்டில் என்ன வரும் என்று. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் இரண்டு விண்ணப்பங்களும் போட்டாயிற்று. கலைக் கல்லூரிப் பட்டியல் முதலில் வரும். மாநிலக் கல்லூரியில் ஜியாலஜி கிடைத்தால் சேர்ந்துவிடு, பொறியியல் தரவரிசை வந்தபின் வீட்டோடு உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். சித்தம்பூண்டிக் கல்லை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.