நாய் கடிச்ச கோழிக்கு பெட்டாடின் போட்டுப் பாத்தாச்சு: 5க்கு 4

முதல்லயே சொல்லிடுறேன், இது மனுஷங்களுக்கு விக்கிற மருந்து, டியூப்ல கோழின்னு எங்கயும் போட்டிருக்காது. ஆனா நாட்டுக்கோழி வளக்குறவங்க பாதிப்பேர் வீட்டு அலமாரியில இது இருக்கும், கால்நடை டாக்டர்களும் காயத்துக்கு இதுல இருக்குற போவிடோன் அயோடின்தான் எழுதித் தர்றாங்க, அதுனால கோழிக்காரன் கண்ணோட்டத்துல ஒரு ரிவ்யூ போடலாம்னு தோணுச்சு. நான் திண்டுக்கல் பக்கம், வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் சிறுவிடை நாட்டுக்கோழி வச்சிருக்கோம், வியாபாரம்லாம் இல்ல, முட்டைக்கும் ஆசைக்கும்தான். தெருநாய், கீரி, பருந்து, இதெல்லாம் இல்லாத அன்னைக்கு சேவலுங்களே ஒண்ண ஒண்ணு கொண்டையைக் கிழிச்சுக்கும்.

கடையில போய் பெட்டாடின்னு மட்டும் கேக்காதீங்க. ஆயின்மென்ட், சொல்யூஷன், பவுடர், வாய் கொப்பளிக்கிறது, ஸ்க்ரப்னு அஞ்சாறு வகை இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாத்தான் இருக்கும். இதுல ஸ்க்ரப் ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க கை கழுவுறது, சோப்பு கலந்திருக்கும், அதைத் திறந்த காயத்துல ஊத்தவே கூடாது. நமக்கு வேண்டியது ஆயின்மென்ட் ஒண்ணு, சொல்யூஷன் ஒண்ணு. சொல்யூஷனை அப்படியே ஊத்தாம, 10% பாட்டில்னா ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து, பால் இல்லாத லைட் டீ கலருக்குக் கொண்டு வந்துதான் யூஸ் பண்ணணும். கெட்டியா ஊத்துனா சீக்கிரம் ஆறும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, நேர் எதிர், புதுசா வளர்ற சதையையும் சேத்து எரிச்சிடும்.

என்னைக் கேட்டா இந்த மருந்தை விட அதுக்கு முன்னாடி பண்ற கழுவுறதுதான் கோழியைப் பொழைக்க வைக்குது. மெடிக்கல்ல நார்மல் சலைன், அதாவது சுத்தமான உப்புத்தண்ணி பாட்டில் நாலஞ்சு நாட்டுக்கோழி முட்டை விக்கிற காசுக்குக் கெடைக்கும், கெடைக்கலைன்னா 1 லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில 9 கிராம் உப்பு. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச்ல எடுத்து காயத்துக்குள்ள பீச்சி அடிக்கணும், மண்ணு, இறகு, நாயோட எச்சில் பூராம் வெளிய வர்ற வரைக்கும். நாய் கடின்னா கிளவுஸ் போட்டுக்கோங்க, நம்ம கையில கீறல் இருந்தா அந்த எச்சில் படக்கூடாது.

போன மழைக்காலத்துல ஒரு பெட்டையை நாய் முதுகுல கவ்விருச்சு, மேல பாத்தா ரெண்டு பல்லு ஓட்டைதான், இறகைக் கத்திரிச்சு பாத்தா உள்ள தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிஞ்சு கெடக்கு. கோழிக்கு தோல் காகிதம் மாதிரி, இறகு மூடிக்கிறதுனால காயம் தெரியவே தெரியாது, அதனால சுத்தி இருக்குற இறகைக் கத்திரியால வெட்டணும், பிடுங்கக் கூடாது, ஏற்கனவே அதிர்ச்சியில இருக்குற உயிரு. முதல்ல பஞ்சாரத்துல போட்டு சாக்கால மூடி இருட்டா, கதகதப்பா, சத்தமில்லாத எடத்துல விட்டு, ரத்தம் நின்னு மூச்சு சீரானதுக்கு அப்புறம்தான் கழுவுற வேலையெல்லாம். கழுவி, டீ கலர் தண்ணி ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் விட்டுத் துடைச்சு, மெலிசா ஆயின்மென்ட். முதல் வாரம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளை.

மூணாம் நாள் காயத்தைச் சுத்தி பச்சையா ஆயிடுச்சு, வீட்டுல எங்கம்மா அழுகிருச்சுடா, அறுத்துறலாம்னு சொல்லிட்டாங்க. அழுகல் இல்ல அது. நமக்கு அடிபட்டா கன்னிப்போய் ஊதாவாகுற மாதிரி கோழிக்கு பச்சையாகும், ரத்தம் உடையுறப்ப வர்ற பச்சை நிறமியை மேற்கொண்டு மாத்துறதுக்கான என்சைம் அதுங்க உடம்புல போதுமான அளவு கெடையாது. நாத்தம் அடிச்சா, இல்ல சதை கறுத்துப் போனாத்தான் பயப்படணும். சீழும் அப்படித்தான், தண்ணியா வழியாது, பால்ல செய்யுற பனீர் மாதிரி கட்டியா நிக்கும், அதை வெறும் ஆயின்மென்ட் கரைக்காது, டாக்டர்தான் எடுக்கணும். நம்ம பெட்டைக்கு சீழ் வைக்கலை, மூணு வாரத்துல தோல் மூடிருச்சு, இப்ப முடியும் மொளைச்சிருச்சு. கோழி தோல் ஆறுற வேகம் பாத்தா நமக்கே பொறாமையா இருக்கும்.

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா, ஆயின்மென்ட் பிசுபிசுப்பு. இறகுல பட்டா ஒட்டிக்கும், கோழி மண்ணுல புரண்டா மண்ணு பூராம் அதுல, அப்புறம் மறுபடி கழுவு. அதனால ஆறுற வரைக்கும் தரையில பழைய துணியோ பேப்பரோ விரிச்சு தனியாத்தான் வைக்கணும், தனியா வைக்க இன்னொரு காரணமும் இருக்கு, சிவப்பு தெரிஞ்சா மத்த கோழிங்க கொத்தியே கொன்னுடும். இந்த விஷயத்துல மருந்தோட பழுப்பு கலர் ரத்தச் சிவப்பைக் கொஞ்சம் மறைக்குது, நல்லதுதான், ஆனா அதை நம்பி கூட்டத்துல விட்டுறாதீங்க. அடைகாக்குற கோழிக்கு வயித்துப்பக்கம் பூசாதீங்க, முட்டையில படும்.

மாட்டுக்கு அடிக்கிற மூலிகை ஸ்ப்ரேயும் வாங்கிப் பாத்தேன், பிராண்ட் பேரு வேணாம். ஈ வராம இருக்க அது நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த உஸ்ஸுங்குற சத்தத்துக்கே கோழி செத்துரும்போல பதறுது, கண்ணுக்குப் பக்கத்துல கொண்டைக் காயத்துக்கு அடிக்கவும் முடியாது. மாடு வச்சிருக்கவங்களுக்கு ஓகே.

புழு வச்ச காயத்துக்கு பெட்டாடின் வேலைக்கு ஆகாது. மழைக்காலத்துல ஈ முட்டை போட்டா ஒரே நாள்ல பொரிச்சிடும். அங்க நான் போறது மாட்டுக் காயத்துக்குச் சொல்ற மூலிகை எண்ணெய்தான்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு எல்லாத்தையும் அரைச்சு மஞ்சத்தூளோட தேங்காயெண்ணெயிலயோ நல்லெண்ணெயிலயோ காய்ச்சி ஆறவச்சது. புழு இருந்தா முதல் நாள் மட்டும் சீத்தாப்பழ இலையை அரைச்சு வச்சு, புழுவைக் குறடால எடுத்துட்டு, மறுநாள்லேருந்து எண்ணெய். கோழிக்கு ரெண்டு சொட்டு போதும், மாட்டு அளவுக்கு ஊத்துனா இறகு பூராம் எண்ணெயில ஊறி குளிருல நடுங்கும். பஞ்சாரத்து மேல கொசுவலை போட்டுட்டா பாதி பிரச்சனை வராது.

டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டும் வேணாம், திரும்பத் திரும்ப ஊத்துனா காயம் ஆறவே ஆறாது. வலி மரத்துப்போறதுக்குன்னு பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் கலந்த ஆயின்மென்ட் விக்கிறாங்க, அது பறவைங்களுக்கு ரொம்ப ரிஸ்க், டாக்டர் சொல்லாம தொடாதீங்க. வீட்டுல இருக்குற டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை ஒடிச்சுக் குடுக்குறதும் சிலர் பண்றாங்க, பாறு கழுகுங்க கூட்டம் கூட்டமா செத்ததுக்குக் காரணமே அந்த மருந்துதான், 2006-லயே கால்நடைக்குத் தடை பண்ணிட்டாங்க, கோழிக்கும் அது கிட்னியைக் காலி பண்ணும்.

இரைப்பை கிழிஞ்சு தின்ன தீனி வெளிய வந்தாலோ, எலும்பு தெரிஞ்சாலோ, தோலுக்கடியில காத்து ஏறி பலூன் மாதிரி உப்பிக்கிட்டாலோ டியூப்பைக் கையில எடுக்காதீங்க, உள்ள காத்துப்பை கிழிஞ்சிருக்கலாம், அங்க தண்ணி பீச்சி அடிச்சா மூச்சுக்குள்ள போயிடும். தமிழ்நாட்டுல 1962-க்கு போன் அடிச்சா நடமாடும் கால்நடை வண்டிக்காரங்ககிட்ட பேசலாம், இல்லைன்னா பக்கத்துல இருக்குற கால்நடை மருந்தகம். ஒரு கோழிக்கா வந்தீங்கன்னு சிரிக்கிறவங்களும் இருக்காங்கதான், சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தா எத்தனை நாளைக்கு முட்டை, கறி திங்கக் கூடாதுன்னு அங்கயே கேட்டுக்கோங்க, அவங்களா சொல்றது கம்மி.

சின்ன டியூபே போதும், வெட்னரி கடை தேடி அலைய வேணாம், எந்த மெடிக்கல்லயும் இருக்கும். டியூப் நுனியை நேரா காயத்துல வச்சுத் தேய்க்காம பஞ்சுல எடுத்துப் பூசுங்க, கோழிக்குன்னு ஒண்ணு, வீட்டு ஆளுங்களுக்குன்னு ஒண்ணு தனித்தனியா வச்சுக்கிட்டா வீட்டுல சண்டையும் வராது.