அசல் பல்கலைக்கழகம், அசல் மதிப்பெண் பட்டியல், செல்லாத பட்டம்

எம்.ஏ. பொது நிர்வாகம் தொலைநிலையில் படிக்க நினைப்பவர்கள், குறிப்பாக அரசு வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அவ்வப்போது வெளியிடுகிறது. எனக்கு நேர்ந்தது அந்த வகை மோசடி அல்ல. என் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பல்கலைக்கழகம் வடமாநிலம் ஒன்றில் சட்டப்படி இயங்கும் தனியார் பல்கலைக்கழகம். யு.ஜி.சி. பட்டியலில் அதன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன். வலையை விரித்திருந்ததே அங்கேதான்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். நாள் முழுவதும் கோப்பு, தீர்மானம், திட்ட நிதி என்று புரளுகிறவனுக்குப் பொது நிர்வாகத்தைப் பாடமாகவே படித்துப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. அதோடு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் பொது நிர்வாகம் தனிப் பாடம். முதுகலையில் 55 விழுக்காடு எடுத்தால் எழுதலாம். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் ஒரு கல்வி மையம் இருந்தது. பெயர்ப்பலகையில் ஏழெட்டுப் பல்கலைக்கழகங்களின் சின்னங்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். "தம்பி, பட்டம் வாங்கினால் உங்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு உண்டு" என்று ஆரம்பித்தார். உயர்கல்விக்கான அந்த முன் ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டதே என்றேன். சற்றும் அசராமல் நெட் தேர்வுக்குத் தாவினார். அங்கிருந்து பேராசிரியர் வேலை, அங்கிருந்து யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடம். (குடிமைப் பணித் தேர்வில் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுக்க எம்.ஏ. தேவையே இல்லை, எந்தப் பட்டதாரியும் எடுக்கலாம். பலரிடம் அவர் இதையே சொல்லி விற்றிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.)

2021 இறுதியில் 32,000 ரூபாய் கட்டினேன். ரசீது மையத்தின் பெயரில் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு என்று சொல்லி இளங்கலைப் பட்டத்தின் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

புத்தகங்கள் வந்தன. மேலே பல்கலைக்கழகத்தின் பளபளப்பான அட்டை. உள்ளே பக்கங்களின் ஓரத்தில், இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பாடக் குறியீடு பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. எம்.பி.ஏ. (MPA) 012 என்றால் இக்னோவின் நிர்வாகக் கோட்பாடுகள் தாள். அந்தப் பாடநூல்கள் முழுவதும் இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை நகலெடுத்து, அட்டை போட்டு, "பாடநூல் கட்டணம் 4,500" என்று ரசீதில் தனி வரியாகச் சேர்த்திருந்தார்கள். கேட்டதற்கு, "எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பாடத்திட்டம் ஒன்றுதானே தம்பி" என்றார்.

தேர்வு, விடுமுறை நாளில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நடந்தது. மேற்பார்வையாளர் அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, "புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் சத்தம் போடாமல் எழுதுங்கள்" என்றார். அன்றைய வினாத்தாளில் பிரெட் ரிக்ஸ் பற்றிய கேள்வி இருந்தது. வளரும் நாடுகளின் நிர்வாகத்தில் விதி ஏட்டில் ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருக்கும் என்று 1960களில் விளக்கியவர் அவர். அந்த அறையில் உட்கார்ந்து அதற்கு விடை எழுதியதை நினைத்தால் இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

மதிப்பெண் பட்டியல்கள் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதியும் முன் எங்கள் அலுவலகம் வழக்கப்படி உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பட்டியல் போலி என்று பதில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏமாற்றப்பட்டவன் என்று நிரூபிப்பது எளிது. வந்த பதில், "எங்கள் பதிவேட்டில் உள்ளவர்; 2020 ஜூலையில் சேர்ந்த நேரடி வகுப்பு மாணவர்" என்றது. அதாவது நான் பணம் கட்டுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் வடமாநிலத்தில் வகுப்பில் உட்கார்ந்து முழுநேரமாகப் படித்திருக்கிறேன். அதே நாள்களில் எங்கள் அலுவலக வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தொலைநிலையில் படிக்கத் துறையின் முன் அனுமதி வாங்கியிருந்த ஆணை கைவசம் இருந்ததால் தப்பினேன். அது இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டில் இந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை. எனவே முகவர்கள் பிடித்துவரும் ஆட்களை முன்தேதியிட்டு நேரடி வகுப்பு மாணவர்களாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். இங்குதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருப்பது வேறு. தொலைநிலையில் நடத்த அனுமதி பெற்றிருப்பது வேறு. அந்த அனுமதியைத் தருவது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி. எந்தப் பாடம், எந்தக் கல்வியாண்டின் எந்தப் பருவம் என்று குறிப்பிட்டுத்தான் தருகிறது. சேர்க்கைப் பருவம் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரி, ஜூலை. டி.இ.பி. தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். எம்.ஏ. பொது நிர்வாகம் என்ற வரி, நீங்கள் சேரும் பருவத்துக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள். "போன வருடக் கணக்கில் சேர்த்து ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். மூன்றாண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு முதுகலை குறைந்தது இரண்டு ஆண்டு.

2020-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி தொலைநிலை மாணவர்களுக்கான கற்போர் உதவி மையத்தைப் பல்கலைக்கழகம் உரிமம் விற்பது போல வெளியாருக்குக் கொடுக்க முடியாது. மாடி அறையில் ஏழு சின்னங்களை மாட்டிக்கொண்டு ஒருவர் "சேர்க்கை நடைபெறுகிறது" என்று எழுதுவதற்கு அந்த விதிகளில் இடமே கிடையாது. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரே போக வேண்டும்.

2024 முதல் தொலைநிலை மாணவர்கள் சேரும் முன் டி.இ.பி. அடையாள எண்ணைத் தாங்களே எடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. கட்டாயமாக்கியிருக்கிறது. முன்தேதிச் சேர்க்கையைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் அதே மனிதர், "அந்த எண்ணை எங்கள் செல்பேசியிலேயே எடுத்துவிடுகிறோம், உனக்கு எதற்கம்மா சிரமம்" என்று சொல்லியிருக்கிறார். சிரமப்பட்டு நீங்களே எடுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் இளங்கலைப் பட்டத்தைத் திரும்பப் பெறுவது தனிக் கதை. "மீதிக் கட்டணம் 10,000 கட்டினால் தருகிறோம்" என்றார்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது, இந்த மையமோ கல்வி நிறுவனம்கூட இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி போனதும் சான்றிதழ் கூரியரில் வந்துவிட்டது. பணத்தில் 8,000 மட்டும் திரும்பியது, அதுவும் வேறொருவர் கணக்கிலிருந்து.

மாடியில் இப்போது அந்தப் பெயர்ப்பலகை இல்லை. இரண்டு தெரு தள்ளி, "ஆன்லைன் பட்டப்படிப்புகள்" என்று புதுப் பலகை. மாவட்டக் குற்றப் பிரிவில் என் புகார் விசாரணையில் இருக்கிறது. தனி ஆளின் புகாராக இருப்பதால் மெல்ல நகர்கிறது. 2020 முதல் 2023 வரை இதுபோன்ற மையங்களில் வடமாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள், மதிப்பெண் பட்டியலில் சேர்க்கைத் தேதியையும் படித்த முறையையும் எடுத்துப் பாருங்கள். நேரடி வகுப்பு என்று போட்டிருந்தால், மையத்தின் ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் படியெடுத்து, உங்கள் மாவட்டக் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அரசு ஊழியர்களாக இருந்தால், அந்தப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.