தினம் கிழிக்கிற வசனக் கலண்டர்: மூண்டு மாசம் பாவிச்சுப் பாத்த பிறகு எழுதுறன்

முதல் சாமானைச் சொல்லுறன், பேந்து என்ர கதைக்கு வாறன்.

ஆணியில தொங்கப்போட்டு நாளுக்கொரு தாள் கிழிக்கிற வசனக் கலண்டர். மேல அட்டையில மேய்ப்பரும் ஆட்டுக்குட்டியும், கீழ உள்ளங்கை அளவில 365 தாள், தகரப் பட்டி வச்சு இறுக்கியிருக்கு. தாளில பெரிய சிவப்புத் தேதி, அதுக்குக் கீழ ஒரு பைபிள் வசனம், இன்னும் கீழ ரெண்டு வரி ஜெபம். இந்தியாவில அடிச்சு வந்தது. இங்க திருகோணமலையில மத்திய வீதிப் பக்கம் ஒரு கடையில ஜனவரி 5ஆம் தேதி வாங்கினனான், 700 ரூபா எண்டு ஒட்டியிருந்தது, நாலு நாள் போயிட்டுதே அண்ணை எண்டு கேக்க 650க்குத் தந்தார், தரேக்க அந்த நாலு தாளையும் கிழிச்சுத் தன்ர சேர்ட் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டார். அது எனக்குப் பிடிச்சிருந்தது.

நான் ஏன் வாங்கினனான் எண்டா, அதுக்கு முதல் நாள் ஞாயிறு எங்கட மெதடிஸ்த சர்ச்சில உடன்படிக்கை ஆராதனை. ஜோன் வெஸ்லி 1755ல லண்டனில தொடக்கினது, மெதடிஸ்த மிஷனரிமார் 1814ல இலங்கையில வந்து இறங்கினவை, இண்டைக்கும் வருசத் தொடக்கத்தில நாங்கள் அந்த ஜெபத்தைச் சொல்லுறம். நான் இனி எனக்குச் சொந்தமில்ல, உமக்குத்தான், நீர் வேலை தந்தாலும் சரி ஒதுக்கி வச்சாலும் சரி எண்டு அதில வரும். இருவது வருசமாச் சொல்லுறன், சொல்லிக்கொண்டே திங்கக்கிழமைக்கு எத்தின தேங்காய் வேணுமெண்டு கணக்குப் பாத்தும் இருக்கிறன். இந்தமுறை "ஒதுக்கி வச்சாலும்" எண்ட இடத்தில வாய் நிண்டிட்டுது, ஏனெண்டா கிறிஸ்மஸுக்குப் பிறகு ஓடர் குறைஞ்சு நித்திரை இல்லாமத் திரிஞ்ச நேரம் அது.

நான் வீட்டில மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் செய்து குடுக்கிறனான், திங்கள் தொடக்கம் வெள்ளி, நாளுக்கு 40, மீன் 25 மரக்கறி 15. ஒரு கொப்பி, ஃபோனில 11 அலாரம், ஃபிரிஜ் கதவில கிழமைக்கு என்ன கறி எண்டு எழுதின பேப்பர். வீட்டில எனக்குப் பட்டப்பேர் கச்சேரி, அரசாங்க ஒப்பிஸ் மாதிரியாம். கச்சேரி எழும்பியிட்டுது, கச்சேரிக்குக் கோவம் வந்திட்டுது எண்டுதான் பிள்ளையள் கதைக்கிறது. அப்படிப்பட்ட ஆளுக்கு நாளைக்கு என்ன இருக்குதெண்டு காட்டாத ஒரு கலண்டர் எப்படி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இப்ப குறையள். ஒண்டு, இந்தியாவில அடிச்சதால எங்கட போயா, அதான் பௌர்ணமி லீவு, ஒண்டும் அதில இல்ல. ஒரு நாள் இதை நம்பி அடுத்த நாளுக்கு மீனும் வாங்கித் தேங்காயும் உரிச்சு வச்சிட்டு இருக்கிறன், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு தங்கச்சி அக்கா நாளைக்குப் போயா எல்லோ எண்டு மெசேஜ் போடுறா. வேற, மாரி ஈரத்துக்குத் தாள் ரெண்டு மூண்டு ஒட்டிக்கொண்டு வரும், ஜனவரியில எனக்கு ரெண்டு நாள் அப்படியே காணாமப் போச்சு. தகரப் பட்டி உப்புக் காத்துக்கு இப்பவே கறள் கட்டியிட்டுது, கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிப்போட்டுத் தொங்கவிடுங்கோ. ஆகக் கூடாத குறை ஒண்டு இருக்கு, அதுதான் இந்த ரிவியூவுக்கே காரணம்.

பெப்ரவரியில உவர்மலைப் பக்கம் ஒரு ஒப்பிஸில நிரந்தரமா 60 பார்சல் எடுக்கிற யோசனை இருக்கு, 17ஆம் தேதி வந்து கதையுங்கோ எண்டவை. அண்டைக்கு 9ஆம் தேதி. எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. ஆக்கள் எல்லாரும் படுத்த பிறகு குசினி லைற்றைப் போட்டு, தாளைக் கிழிக்காம மெல்ல மெல்ல விரலால தூக்கி 17ஐப் பாத்தன். நீதிமொழிகள் 16:9. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும்." அவ்வளவுதான் போட்டிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும், கடவுளே கொப்பியும் பேனையும் எடுத்துத் தந்த மாதிரி இருந்தது. அடுத்த நாளே போய் ஒரு பெரிய கிடாரம், 25 கிலோ சம்பா ரெண்டு மூடை, 100 லன்ச் ஷீட் கட்டு ரெண்டு, எல்லாம் வாங்கியாச்சு.

17ஆம் தேதி போனா, வேற ஆளுக்குக் குடுத்திட்டம், குறை நினைக்காதேங்கோ எண்டினம்.

வீட்ட வந்து செருப்பைக் கழட்டேக்க அம்மா உள்ளி உரிச்சுக்கொண்டிருந்தா. அம்மாவுக்குக் கண் அவ்வளவு தெரியாது, என்ன பிள்ளை இண்டைக்கு வசனம் எண்டு கேட்டா, நான் கோவத்தோட வாசிச்சன். அம்மா உள்ளியில இருந்து தலை நிமித்தாமலே "அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" எண்டு முடிச்சா. பேந்து கேட்டா, மிச்சத்த ஏன் நீ வாசிக்கேல்ல?

மிச்சம் அதில இல்ல. இடம் காணாமப் பாதியில வெட்டிப்போட்டினம். அடிச்ச ஆக்களுக்கு நான் சொல்லுறது, எழுத்தைக் கொஞ்சம் சின்னனாக்கியாவது முழுசாப் போடுங்கோ, ஜெபம் இல்லாட்டியும் பரவாயில்ல. ஆனா உண்மையச் சொன்னா அந்த வசனம் எனக்கு முழுசாத் தெரியும், சண்டே ஸ்கூலில பாடமாக்கிப் பரிசும் வாங்கினனான். தேவைப்பட்ட பாதியோட நிண்டது நான்தான். கிடாரம் இப்ப பின்வளவில மழைத்தண்ணி பிடிக்குது.

அதுக்குப் பிறகுதான் இந்தச் சாமானை எப்படிப் பாவிக்கிறது எண்டு விளங்கினது. சாத்திரம் பாக்கிறதுக்கு வாங்கினா காசு வீண். ஓடர் வருமோ, ஆர் காசு தருவினம் எண்டு இது சொல்லாது. காலமை நாலரைக்கு எழும்பி, தேங்காய் துருவுறதுக்கு முன்னால ஈரக் கையத் துடைச்சுப்போட்டு ஒரு தாளைக் கிழிக்கிற அந்த அரை நிமிசம்தான் இதில இருக்கிற எல்லாமே. கிழிச்ச தாளின்ர பின்பக்கம் வெறுமை, அதில அண்டைக்குரிய கணக்கை எழுதுவன், இடம் அவ்வளவுதான், அடுத்த கிழமையை எழுத ஏலாது.

மார்ச்சில ஒரு நாள் மன்னாவைப் பற்றின வசனம் வந்தது, யாத்திராகமம் 16. அண்டண்டைக்குப் பொறுக்கினது அண்டண்டைக்கு, விடிய மட்டும் மிச்சம் வச்சா பூச்சி பிடிச்சு நாறும். சாப்பாட்டுத் தொழில் செய்யிற ஆளுக்கு இதுக்குப் பிரசங்கம் தேவையில்ல, எங்கட வெக்கைக்குள்ள தேங்காய்ப்பால் விட்ட பருப்பை ராவைக்கு வெளியில வச்சுப்பாருங்கோ தெரியும். நான் 40 ஓடருக்கு 46 செய்யிற ஆள், ஆராவது திடீரெண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லக்கூடாதெண்ட பயம். மிஞ்சின ஆறும் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கு, ஒரு நாள் நாய்க்கு. இப்ப 42 செய்யிறன். 40 இல்ல, 42. அவ்வளவுக்குத்தான் வந்திருக்கிறன், பொய் சொல்லேலாது.

இன்னொண்டு. எனக்குக் கோழி கொண்டுவாற முஸ்லிம் அண்ணை, நானா எண்டுதான் கூப்பிடுறனான், கிண்ணியா ஆள். எத்தின மணிக்கு வருவீங்கள் எண்டா இன்ஷா அல்லாஹ் எட்டு மணிக்கு எண்டுவார். இன்ஷா அல்லாஹ்வ விடுங்கோ நானா, எட்டோ ஒம்பதோ எண்டு நான் கத்தின நாளும் இருக்கு. யாக்கோபு நாலாம் அதிகாரத்தில இதைத்தானே கிடக்கு, நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவம், வியாபாரம் செய்வம் எண்டு சொல்லாதேங்கோ, ஆண்டவருக்குச் சித்தமானால் எண்டு சொல்லுங்கோ எண்டு. அந்தத் தாள் வந்த அண்டைக்கு அவர் எட்டரைக்கு வந்தார், நான் ஒண்டும் கதைக்காமப் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன், மனுசன் பயந்து போய் உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு கேட்டார்.

கலண்டர் வாங்கினாப் பிரச்சினை தீரும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லவேணும். ஒரு நாள் கடல் கொந்தளிப்பு, சந்தையில மீன் இல்ல, இருந்ததும் ஆனை விலை. முந்தியெண்டா அஞ்சாறு பேருக்குக் கோல் எடுத்து, இவரை மோட்டச்சைக்கிளில சல்லிக் கிராமத்துக்கும் அனுப்பி ஊரைக் கலக்கியிருப்பன். அண்டைக்கு சரி இதுதான் இண்டைக்கு எண்டு முட்டைக் குழம்பும் முருங்கைக்காயும் வச்சன். அற்புதம் ஒண்டும் நடக்கேல்ல. மூண்டு பேர் முறைப்பாடு, ஒராள் அதோட பார்சலையே நிப்பாட்டிட்டார். ஆனா நான் அண்டைக்கு ராத்திரி நல்லா நித்திரை கொண்டன், அதைத்தான் என்னால நம்ப ஏலாம இருந்தது.

வேற சாமானுகளோட ஒப்பிட்டா, வட்ஸ்அப்பில ரோசாப்பூ படத்தோட வாற வசனம் நாளுக்கு 20, ஒண்டும் மனசில நிக்காது. சுருட்டின சீட்டுப் போட்டு வாற வாக்குத்தத்தப் பெட்டி வடிவு, பிள்ளையளுக்கு விருப்பம், ஆனா பிடிச்சது வரும்வரைக்கும் எடுத்துக்கொண்டிருக்கலாம், அதுதான் அதில பிழை, எனக்கு அந்தப் பெட்டி சரிவராது. நாளுக்கொரு வசனம் எண்ட பழக்கம் ஜேர்மனியில ஹெர்ன்ஹூட் எண்ட ஊரில 1728ல தொடங்கினது, 1731ல இருந்து புத்தகமா வருது, அவை இண்டைக்கும் நாளுக்குரிய பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கினம். என்ர கலண்டரை ஆரோ இருந்து தெரிஞ்சு எடுத்திருக்கினம் எண்டு நல்லாத் தெரியுது, ஜனவரியில மட்டும் "பயப்படாதே" அஞ்சு தரம், கண்டிக்கிற வசனம் ஒண்டுகூட இல்ல.

கிழிச்ச தாளை என்ன செய்யிறது எண்டது பெரிய கரைச்சல். குப்பையில போட மனம் வராது. அம்மா ஒரு பிஸ்கட் டின்னில சேக்கிறா.

அச்சுக்கும் தாளுக்கும் அஞ்சுக்கு ரெண்டு, பாவனைக்கு அஞ்சுக்கு நாலு. அடுத்த வருசமும் வாங்குவன், கடையில போயாவைக் கேட்டுச் சிவப்புப் பேனையால அடையாளம் போட்டுக்கொண்டு. ஒரு சாமான் கூட வாங்கவேணும், உடுப்புக் காயப்போடுற கிளிப். 17ஆம் தேதிக் கதைக்குப் பிறகு அம்மா மிச்சத் தாள் எல்லாத்தையும் சேத்துக் கீழ ஒரு நீலக் கிளிப் போட்டு வச்சிருக்கிறா, ஒரு நாளில ஒரு தாள்தான் அவ கையால விடுவா. ஏப்ரல் கடைசியில திரும்பவும் ஒரு ஒப்பிஸில வரச்சொல்லியிருக்கினம். நேத்து ராத்திரி தண்ணி குடிக்கப் போனனான், கை கிளிப் வரைக்கும் போனது, அறைக்குள்ள அம்மா இருமினா.